பட்டறை வாத்தியார்கள்: தொழிற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய வரலாறு

முன்னுரை

நம் சங்க மலரில் சங்க இலக்கியம், கோயிற்கலை, தமிழிசை என்று ஆண்டுதோறும் அரிய கட்டுரைகள் வெளிவருகின்றன. இம்முறை மலர்க்குழு நண்பர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், நீங்க ஐ.டி.ஐ.யிலே முப்பது வருஷத்துக்கு மேலே வாத்தியாரா இருந்தவரு. அதைப் பத்தியே எழுதிக் கொடுங்களேன்" என்றார். "அதுல என்னய்யா வரலாறு இருக்கு?" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நாம் வாழும் இந்தச் சத்தீஸ்கர் மண்ணிலேயே, பிலாஸ்பூருக்குப் பக்கத்தில், அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் தொடங்கியது நினைவுக்கு வந்தது. அந்த வழியாக எத்தனையோ முறை ரயிலில் போய் வந்திருக்கிறோம். எத்தனை பேருக்கு அது தெரியும்?

மருத்துவரை உருவாக்கும் கல்லூரி உண்டு, பொறியாளரை உருவாக்கும் கல்லூரி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். படிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்கும் தனியே ஒரு பயிற்சி உண்டு என்று சொன்னால், "அவருக்கு எதுக்குப் பயிற்சி? தொழில் தெரிஞ்சா போதாதா?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம் நாடு எப்போது, எப்படி விடை கண்டது, பிறகு அந்த விடையை எப்படிப் பாதி மறந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நன்னூலார் சொன்ன நான்கு பேர்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை. இதைப் பள்ளியில் படித்த நினைவு பலருக்கு இருக்கும். ஆனால் ஆசிரியர் ஆகாதவர்களுக்கும் அவர் நான்கு உவமைகள் சொல்லியிருக்கிறார். அவை கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு.

குடத்துக்குள் கழற்சிக்காய்களை ஒரு வரிசையில் போட்டாலும், கவிழ்க்கும்போது அவை வேறு வரிசையில்தான் விழும். தான் கற்ற வரிசையில் சொல்லத் தெரியாமல் முன்பின்னாகக் கொட்டுபவர் கழற்குடம். கருக்கு நிறைந்த பனையில் ஏறிப் பழம் பறிக்க முடியாது, அதுவாக உதிர்த்தால்தான் உண்டு. கேட்டாலும் சொல்லாமல், மனம் வந்தபோது மட்டும் சொல்பவர் மடற்பனை. குடுக்கையில் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திணிக்க முடியும், எடுப்பதும் அப்படியே. வருந்திக் கற்று, அதேபோல் வருந்திச் சிறிது சிறிதாகக் கொடுப்பவர் பருத்திக் குண்டிகை. தண்ணீர் ஊற்றியவன் தோட்டத்தில் நின்றுகொண்டு அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும் வளைந்த தென்னை முடத்தெங்கு.

இந்த நால்வரையும் நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். இவர்களில் யாரும் அறிவில்லாதவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். குடத்தில் காய் இருக்கிறது, பனையில் பழம் இருக்கிறது. அறிவு இருந்தும் அதை அடுத்தவருக்குக் கொடுக்கும் வகை தெரியவில்லை. தொழில் அறிவு வேறு, கற்பிக்கும் அறிவு வேறு என்று நம் முன்னோர் கண்டுவைத்த உண்மை இது. தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் வரலாறு முழுக்க இந்த ஒரே உண்மையைச் சுற்றித்தான் சுழல்கிறது.

கண் பார்க்க, கை செய்ய

பழங்காலத்தில் தச்சரும் கொல்லரும் சிற்பியரும் தொழிலைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது வகுப்பறை அல்ல, வாழ்க்கை. ஐந்து வயதில் துருத்தி ஊதத் தொடங்கிய பையன் இருபது வயதில் கொல்லன் ஆனான். பதினைந்து ஆண்டு அவகாசம் இருந்ததால் வரிசையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வே வந்ததும் நிலைமை மாறியது. சென்னை பெரம்பூரில் 1856லும், பீகாரின் ஜமால்பூரில் 1862லும் இரயில்வே பட்டறைகள் தொடங்கின. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே இடத்தில் தேவைப்பட்டார்கள். சென்னையில் 1850லேயே அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் கலைத்தொழிற் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆனாலும் பெரும்பாலான பட்டறைகளில் பழைய முறையே தொடர்ந்தது. புதிதாக வந்தவன் ஒரு மேஸ்திரியிடம் ஒட்டிக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து, திட்டு வாங்கி, மேஸ்திரியின் கை போகும் போக்கைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பழகினான். மேஸ்திரி நல்லவராக இருந்தால் தொழில் கிடைத்தது. மடற்பனையாக இருந்தால் போச்சு!

அதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் ஒரு புதுமை நடந்தது. மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவர் விக்தர் டெல்லா வோஸ், 1868 வாக்கில், தொழிலைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்தார். அராவுதல், வெட்டுதல், கடைதல், அடித்து உருவாக்குதல் என ஒவ்வொன்றுக்கும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் பயிற்சித் துண்டுகளை வரிசைப்படுத்தினார். விற்பனைக்கான பொருளைச் செய்துகொண்டே பழகுவதற்குப் பதில், பழகுவதற்கென்றே துண்டுகளைச் செய்யும் முறை இது. 1876ல் பிலடெல்பியா கண்காட்சியில் இத்துண்டுகள் வைக்கப்பட்டபோது அமெரிக்கக் கல்வியாளர்கள் வியந்தார்கள். இன்று எந்த ஐ.டி.ஐ.க்குப் போனாலும் முதல் மாதத்தில் பையன்கள் ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு அராவிக்கொண்டே இருக்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் அவசரமாக ஆட்களைப் பழக்க வேண்டியிருந்தது. அப்பணியில் இருந்த சார்லஸ் ஆலன் என்பவர், கற்பிக்கும் செயலையே நான்கு படிகளாகப் பிரித்து 1919ல் நூலாக எழுதினார். டெல்லா வோஸ் மாணவனின் வேலையை வரிசைப்படுத்தினார், ஆலன் ஆசிரியரின் வேலையை வரிசைப்படுத்தினார். அந்த நான்கு படிகளைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

போர் கற்றுக் கொடுத்த பாடம்

இரண்டாம் உலகப்போர் 1939ல் மூண்டது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் இராணுவத்துக்கும் ஆயிரக்கணக்கில் தொழில்நுட்பப் பணியாளர்கள் உடனே தேவைப்பட்டார்கள். பதினைந்து ஆண்டு துருத்தி ஊத நேரமில்லை. 1940ல் இந்திய அரசு போர்க்காலத் தொழில்நுட்பர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1941 முதல் இந்திய இளைஞர்கள் குழுக்களாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அங்குள்ள பயிற்சி மையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பழகித் திரும்பினார்கள். அன்றைய பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவினின் பெயரால் இவர்களைப் 'பெவின் பையன்கள்' என்று அழைத்தார்கள். கற்பவர்கள் எவ்வளவு பேர் வேண்டுமானாலும் கிடைக்கிறார்கள், கற்பிப்பவர்கள்தான் கிடைப்பதில்லை என்பதைப் போர்க்காலம் உணர்த்தியது.

போர் முடிந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோருக்கு மறுவாழ்வு தர 1945 ஜூலையில் மறுகுடியமர்த்தல் மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் உருவானது. 1947ல் நாடு பிரிந்தது. பாகிஸ்தானிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகளுக்கும் தொழில் கற்றுத் தர வேண்டிய பொறுப்பு அதே இயக்ககத்தின் தலையில் விழுந்தது. நிலமும் கடையும் பறிபோனவனுக்குக் கையில் ஒரு தொழிலாவது இருந்தால் பிழைத்துக்கொள்வான் அல்லவா?

அர்பா ஆற்றங்கரையில் ஓர் ஆரம்பம்

இந்தச் சூழலில்தான் 1948ல் பிலாஸ்பூருக்கு அருகே, அர்பா ஆற்றை ஒட்டிய கோனி என்னும் ஊரில், பயிற்றுநர்களுக்கான நாட்டின் முதல் மத்திய பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அப்போது இது மத்திய மாகாணம், பிறகு மத்தியப் பிரதேசம், 2000ஆம் ஆண்டிலிருந்து சத்தீஸ்கர். பெயர்கள் மாறின, ஆறு அதேதான். இன்று கோனி என்றால் குரு காசிதாஸ் பல்கலைக்கழகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தொழில் கற்பிப்பவனுக்கும் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சுதந்திர இந்தியா முதன்முதலில் ஏற்றுக்கொண்ட இடமும் அதுதான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நாட்டின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950ல்தான் முறையாகத் தொடங்கியது. அப்போது சுமார் 50 பயிற்சி நிலையங்கள். அவற்றுக்கு முன்பே, 1948லேயே, ஆசிரியர்களைத் தயாரிக்கும் நிலையம் வந்துவிட்டது. முதலில் ஆசிரியர், பிறகு பள்ளி. இந்த வரிசை எவ்வளவு சரியானது! அன்றைய அதிகாரிகள் கழற்குடங்கள் அல்லர் என்றுதான் சொல்ல வேண்டும்.

1952ல் பி. சிவராவ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. சென்னைத் தொழிலாளர் இயக்கத்திலும் பத்திரிகைத் துறையிலும் அரசியல் நிர்ணய சபையிலும் பணியாற்றியவர் அவர். 1954ல் அக்குழு தந்த பரிந்துரையின்படி, ஐ.டி.ஐ.க்களின் அன்றாட நிர்வாகம் 1956ல் மாநிலங்களுக்குப் போனது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றை வகுக்க அதே ஆண்டில் தேசியக் குழு ஒன்று அமைந்தது. பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு மட்டும் மத்திய அரசிடமே இருந்தது. பஞ்சாபில் கற்ற வெல்டரும் கேரளத்தில் கற்ற வெல்டரும் ஒரே தரத்தில் இருக்க வேண்டுமானால், ஆசிரியர்கள் ஒரே முறையில் உருவாக வேண்டும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம்.

நம் குடும்பங்கள் பல இந்தப் பக்கம் வந்ததும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். 1955ல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தமாகி, 1959ல் பிலாய் உருக்காலையின் முதல் ஊதுலை எரியத் தொடங்கியது. அங்கு வேலைக்கு வந்த ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வானத்திலிருந்து குதித்து வந்துவிடவில்லை. யாரோ ஒரு பட்டறை வாத்தியார் அவர்களுக்கு அரம் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்.

நான்கு படிகள்

இனி அந்த நான்கு படிகள். என் சொந்த அனுபவத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

நான் 1979ல் மத்திய இந்தியாவில் ஓர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். அதற்குமுன் தொழிற்சாலை அனுபவம் இருந்தது. என் கைக்கு அரம் பழக்கம். 'நமக்கென்ன, தொழில் தெரியும்' என்ற திமிரும் இருந்தது. முதல் ஆண்டு ஒரு கிராமத்துப் பையன் வந்தான். எவ்வளவு அராவினாலும் அவன் துண்டு நடுவில் மேடாகவே நின்றது. "சார், ஏன் இப்படி ஆகுது?" என்பான். நான் அவன் கையிலிருந்து அரத்தைப் பிடுங்கி, நாலு இழுப்பு இழுத்து, "இப்படிச் செய்யணும், பாரு" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். அவன் பார்த்தான், பாவம். என்னத்தைப் பார்ப்பான்? தேர்வில் தோற்றான். அடுத்த முறையும் தோற்றான். பிறகு வரவே இல்லை. 'அவனுக்குக் கை வரல' என்று பதிவேட்டை மூடினேன்.

1983ல் என்னை ஹவுராவில் தாஸ்நகரிலிருந்த மத்திய நிலையத்துக்கு ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தொழிலில் மேம்பட்ட பயிற்சி ஒரு பாதி, கற்பித்தல் முறை மறுபாதி. 'தொழில் தெரிந்தவனுக்கு இது எதற்கு' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். முதல் வாரம் ஆசிரியர் எங்களிடம், தட்டையாக அராவுவதற்கான செயல்களையும் ஒவ்வொரு செயலிலும் கவனிக்க வேண்டிய நுட்பத்தையும் இரண்டு பத்தியாக எழுதச் சொன்னார். நான் ஐந்து வரி எழுதினேன். அவர் எழுதிக் காட்டியபோது ஒரு பக்கம் போதவில்லை.

வைஸின் உயரம் முழங்கைக்கு நேராக இருக்க வேண்டும். துண்டு வைஸின் தாடைக்கு மேலே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதிகம் நீட்டினால் அதிரும். கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடவே கூடாது, கூர்முனை உள்ளங்கையில் ஏறிவிடும். கால்களை எப்படி வைப்பது என்பதற்கும் விதி உண்டு. அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும், திரும்பி வரும்போது அழுத்தம் கூடாது. இழுப்பின் தொடக்கத்தில் இடக்கை அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டு கையும் சமம், முடிவில் வலக்கை அதிகம். இந்தச் சமன் மாறாமல் இருந்தால் அரம் ஊஞ்சல்போல் ஆடும், துண்டு நடுவில் மேடாகும். மட்டமூலையை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஒளி கசியும் இடத்தில் பள்ளம்.

எனக்குச் சுரீர் என்றது. அந்தக் கிராமத்துப் பையனின் கேள்விக்கு விடை இதுதான். என் கைக்கு அது தெரியும், என் வாய்க்குத் தெரியாது. நன்றாகப் பழகிய கை தான் செய்வதையே மறந்துவிடுகிறது. அதை மறுபடி பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொடுப்பதுதான் பயிற்றுநர் பயிற்சியின் உயிர்.

நான்கு படிகள் இவை. முதலாவது ஆயத்தம்: கருவிகளைத் தயார் செய்வது, மாணவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது, இதை எதற்குக் கற்கிறோம் என்று சொல்லி அவன் மனத்தைத் தயார் செய்வது. இரண்டாவது செய்துகாட்டல்: முதலில் வழக்கமான வேகத்தில், பிறகு மெதுவாக நுட்பங்களைச் சொல்லிக்கொண்டே. மூன்றாவது மாணவனைச் செய்ய வைத்தல்: அவன் செய்துகொண்டே வாயாலும் சொல்ல வேண்டும். அப்போதுதான் புரிந்து செய்கிறானா, பார்த்துச் செய்கிறானா என்று தெரியும். நான்காவது சோதித்தல்: உதவியின்றித் தனியே செய்யவிட்டு மதிப்பிடுவது. மாணவன் கற்கவில்லையென்றால் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்று பொருள். எந்தப் படியில் தவறினோம் என்று அவர்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். 'அவனுக்குக் கை வரல' என்று பதிவேட்டை மூட இந்த முறையில் இடமில்லை.

பாடம் சொல்லும் ஆசிரியர் சொல்லப்போவதை முன்பே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமல், வெகுளாமல், மாணவன் கொள்ளும் வகையறிந்து கொடுக்க வேண்டும் என்று நன்னூலும் கூறுகிறது. பவணந்தியார் தாஸ்நகருக்கு வரவில்லை. ஆனால் அவருடைய பாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எதுவும் அந்நியமாகப் பட்டிருக்காது.

பரவிய காலம்

1960களில் இந்தப் பணி நாடெங்கும் பரவியது. சென்னை, ஹவுரா, மும்பை, கான்பூர், லூதியானா, ஹைதராபாத் ஆகிய ஆறு இடங்களில் மத்திய பயிற்சி நிலையங்கள் அமைந்தன. சென்னையில் கிண்டி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்களும் வெளிநாட்டு உதவியும் இதில் பங்கேற்றன. 1961ல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தபின் தொழிற்சாலைகளுக்குள்ளேயும் கற்பிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1968ல் கல்கத்தாவில் பயிற்சி அலுவலர்களுக்கும் ஆய்வுக்குமான மத்திய நிலையம் ஜெர்மன் ஒத்துழைப்புடன் தொடங்கியது. அதே 1968ல் சென்னையில் உயர்நிலைப் பயிற்சி நிலையமும், 1971ல் பெங்களூரில் ஃபோர்மேன் பயிற்சி நிலையமும் வந்தன.

பெண்களுக்கு இதில் நீண்ட காலம் இடம் குறைவாகவே இருந்தது. 1977ல் தில்லியில் பெண்களுக்கான தேசியத் தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கி, பெண் பயிற்றுநர்களை உருவாக்கியது. ஒரு பெண் ஆசிரியர் பட்டறையில் நின்றால்தான் ஒரு தகப்பனார் தைரியமாகத் தம் மகளை எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் சேர்ப்பார். இதை என் பணிக்காலத்திலேயே கண்டேன்.

பாலிடெக்னிக் ஆசிரியர்களின் கதை இதற்கு இணையாக ஓடியது. 1945ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் பாலிடெக்னிக்குகள் பெருகியபோது, பட்டம் முடித்த இளம் பொறியாளர்கள் நேரே வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். இவர்களின் குறை ஐ.டி.ஐ. வாத்தியாரின் குறைக்கு நேர் எதிர். எங்களுக்குக் கை தெரியும், சொல்லத் தெரியாது. அவர்களுக்கு ஏட்டுப் பாடம் தெரியும், தொழிற்சாலை தெரியாது. இதைச் சரிசெய்ய 1964ல் சென்னையிலும், 1965ல் போபாலிலும் கல்கத்தாவிலும், 1967ல் சண்டிகரிலும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் நிறுவப்பட்டன. சென்னை நிலையம் தரமணியில் இருக்கிறது. 2003ல் இந்நான்கும் தேசிய நிலையங்களாகப் பெயர் மாற்றம் பெற்றன.

கலை, அறிவியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் தாமதமாகத்தான் வந்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987 முதல் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கின. புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு அறிமுகப் பயிற்சி, பின்னர் புத்தாக்கப் பயிற்சி. அவை 2015ல் மனிதவள மேம்பாட்டு மையங்களாகவும், 2023ல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்களாகவும் மாறின. ஒரு விஷயத்தைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். கல்லூரிப் பேராசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்று நாடு ஏற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முன்பே, கோனியில் ஃபிட்டர் வாத்தியாருக்குப் பயிற்சி கொடுத்தாகிவிட்டது!

வரிசை குலைந்த கதை

பெருமையோடு முடித்துவிட்டால் அது வரலாறாகாது. 1980ல் நாட்டில் 830 ஐ.டி.ஐ.க்கள் இருந்தன. 1987ல் அது சுமார் 1,900 ஆனது. இன்று 14,000க்கு மேல். இவற்றில் பெரும்பான்மை தனியார் நிலையங்கள். ஆசிரியர்களை உருவாக்கும் மத்திய நிலையங்களோ இன்றும் முப்பதைச் சற்றுத் தாண்டிய எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. 1948ல் முதலில் ஆசிரியர், பிறகு பள்ளி என்று இருந்த வரிசை தலைகீழானது. கட்டடம் எழும்பியது, இயந்திரம் வந்தது, கற்பிக்கத் தெரிந்தவர் வரவில்லை. பயிற்றுநர் பயிற்சிச் சான்றிதழ் பெறாமலே கற்பித்துக்கொண்டிருப்பவர்கள் தாம் இன்று மிகுதி.

ஓய்வு பெற்றபின் ஒரு நிலையத்தைப் பார்க்க அழைத்தார்கள். பெயர் வேண்டாம். லேத் இயந்திரங்கள் புத்தம் புதிதாக, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. பயிற்றுநர் பட்டயப் படிப்பு முடித்த இருபத்து மூன்று வயது இளைஞர். ஒப்பந்த வேலை, சொற்ப சம்பளம். "சார், எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. நான் எப்படி இவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்? ஏதாவது உடைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க, அதனால தொடவே விடறதில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1979ல் நான் இருந்த இடத்தில்தான் அவர் இருந்தார். எனக்கு நாலு வருஷத்தில் தாஸ்நகர் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை பெற்ற பயிற்சி ஆயுள் முழுக்கப் போதாது. நான் பணியில் சேர்ந்தபோது கையால் இயக்கும் லேத். ஓய்வு பெறும்போது கணினி இயக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இடையில் குறுகிய காலப் புத்தாக்கப் பயிற்சிகள் இருந்தன. ஆனால் ஒரு பயிற்றுநரை இரண்டு வாரம் அனுப்பிவிட்டால் அவர் வகுப்பைப் பார்க்க ஆளில்லை என்று பல இடங்களில் அனுப்புவதே இல்லை. நான்கு படி அப்படியேதான் இருக்கிறது. அதில் ஏற்ற வேண்டிய பொருள்தான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2015ல் இத்துறை தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. பழைய மத்திய பயிற்சி நிலையங்கள் தேசியத் திறன் பயிற்சி நிலையங்கள் எனப் பெயர் பெற்றன. 2025 மே மாதத்தில் மத்திய அமைச்சரவை 60,000 கோடி ரூபாயில் 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. புவனேசுவரம், சென்னை, ஹைதராபாத், கான்பூர், லூதியானா ஆகிய ஐந்து தேசிய நிலையங்களை வலுப்படுத்துவதும், 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவதும் அதில் அடக்கம். கட்டடத்தோடு ஆசிரியரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். நல்ல அறிகுறி. அது காகிதத்தோடு நிற்காமல் பட்டறைக்குள் வர வேண்டும்.

நிறைவுரை

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "படிப்பு ஏறலேன்னா ஐ.டி.ஐ.யிலே போட்டுடு." படிப்பு ஏறாத பிள்ளையைச் சேர்க்கும் இடம் என்று முடிவு கட்டிவிட்டால், அங்கே கற்பிப்பவர் யார், அவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று யார் கேட்கப் போகிறார்கள்? பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரின் தகுதியைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டணத்தை மட்டும் கேட்கிறோம். இனி ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே கற்பிக்கிறவர் பயிற்றுநர் பயிற்சி முடிச்சவரா?" நூறு பெற்றோர் கேட்டால் நிர்வாகம் பதில் தேடியே ஆக வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு இந்த ஊரில் நிலமோ பூர்வீக வீடோ கிடையாது. நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது கைத்தொழில்தான். அந்தத் தொழிலை நம் அப்பாக்களுக்குக் கற்பித்த பட்டறை வாத்தியார்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அந்தக் கிராமத்துப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தனக்குக் கை வரவில்லை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கக்கூடும். கை வராதது அவனுக்கல்ல, கற்பிக்க வராதது எனக்கு. இந்த மலரில் அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்றுதான் நண்பர் கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன்.